தவழவில்லை என்று வந்த பாப்பா: பத்தரை மாதக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாப்பாவுக்கு அப்போது பத்தரை மாதம். குமாரபாளையம் வட்டாரத்தில், வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓட்டும் குடும்பம். தூக்கி வந்தவர்கள் அம்மாவும் அப்பாயியும். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வந்த காரணத்தை அப்பாயியே சொன்னார்: "பாப்பா இன்னும் தவழலைங்க டாக்டர். குண்டியிலயே நகருதுங்க."

சொன்னது சரிதான். பரிசோதனை அறையின் பாயில் விட்டதும், உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, மறுகாலால் தரையை உந்தி, மேசைக் காலருகே போய்விட்டாள். அப்பாயியின் நான்கு பிள்ளைகளில் யாரும் இப்படி நகர்ந்ததில்லையாம். அம்மா மெதுவாகக் குறுக்கிட்டார்: "இவங்கப்பா இப்படித்தான் நகர்ந்தாருன்னு பெரியத்தை சொன்னாங்களே, அத்தை." அப்பாயிக்கு அது நினைவில்லை.

பிரசவம் சுகப்பிரசவம். நிறை மாதம், 2.8 கிலோ, பிறந்ததும் அழுதாள், மஞ்சள் காமாலைக்கு விளக்கொளி தேவைப்படவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவில்லை. நான்கு மாதத்தில் தலை நின்றது, ஐந்தரையில் குப்புற விழுந்தாள், எட்டில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தாள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ருபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் தாய் சேய் அட்டையில் பதிவாகியிருந்தன. பெற்றோர் சொந்தம்: அப்பா, அம்மாவின் தாய்மாமன் மகன். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பவை என்பதால், இதைக் கேட்கும்போது யாரும் தயங்குவதில்லை.

தவழ்தல் பற்றி

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட உடல் அசைவு வளர்ச்சி ஆய்வு, கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்வதற்கு அதில் கிடைத்த இடைவெளி 5.2 மாதம் முதல் 13.5 மாதம் வரை. அதைவிட முக்கியமாக, 4.3 சதவீதக் குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை. நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை எடுத்தேவிட்டது. ஆக, பத்தரை மாதத்தில் தவழவில்லை என்பது தனியாக ஒரு நோய்க்குறி ஆகாது.

அதற்காகப் பார்க்காமல் விட்டுவிட முடியாது. இரண்டு கையும் ஒரே அளவுக்கு வேலை செய்கின்றனவா, ஒரு பக்கக் கால் மட்டும் இறுகியிருக்கிறதா, இடுப்பு மூட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிகிறதா, முதுகுத்தண்டின் அடியில் குழியோ முடிக்கற்றையோ உண்டா என்று பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. கால் தசைகள் சற்றுத் தளர்வு. அக்குளில் பிடித்துத் தூக்கினால் தரையில் ஊன்றாமல் இரண்டு காலையும் முன்னே நீட்டி, காற்றில் உட்கார்ந்தது போலத் தொங்கினாள். பின்புறத்தால் நகரும் குழந்தைகளிடம் இது வழக்கமாகக் காணப்படுவது. இவர்கள் நடப்பதும் கொஞ்சம் தாமதமாகும், ஒன்றரை வயதைத் தாண்டுவதும் உண்டு. குடும்பத்தில் ஏற்கெனவே யாராவது இப்படி நகர்ந்திருப்பார்கள் என்பதும் பொருந்தியது.

சீக்கிரம் நடக்கட்டும் என்று வளையம் வைத்த வாக்கர் ஒன்று வாங்கியிருந்தார்கள். அதை எடுத்துவிடச் சொன்னேன். அதில் குழந்தை நிற்பதில்லை, தொங்குகிறது. நுனிக்காலால் தள்ளிப் பழகுகிறது. படியிலும் அடுப்பிலும் போய் மோதுகிறது. கனடா 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் ஊர் மர நடைவண்டி வேறு வகை. அதைப் பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தைதான் அதைத் தள்ள முடியும். எழுந்து நிற்கத் தொடங்கியதும் அதை வாங்கிக் கொடுங்கள் என்றேன். அப்பாயி முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு.

எடை, இரத்தம், சாப்பாடு

எடை 7.6 கிலோ, நீளம் 71.5 சென்டிமீட்டர், தலைச் சுற்றளவு 44 சென்டிமீட்டர். எடை சராசரியைவிடக் கீழே, ஆனால் கவலைக்கோட்டுக்கு மேலே. கீழிமை வெளுத்திருந்தது, ஹீமோகுளோபின் 9.6 கிராம். 2024-ல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இரத்தசோகை எல்லையை 11-லிருந்து 10.5 ஆகக் குறைத்திருக்கிறது. அந்தப் புதிய கணக்கிலும் இது இரத்தசோகைதான்.

காரணம் சாப்பாட்டுப் பட்டியலிலேயே இருந்தது. இரவில் தாய்ப்பால், பகலில் பால்புட்டியில் நான்கு வேளை பசும்பால், பாலில் ஊறவைத்த பிஸ்கட், மதியம் மிக்ஸியில் அரைத்த ரசம் சாதம். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதோடு வயிற்றை நிரப்பி மற்ற உணவுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. ஒன்பது மாதத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் கூழாக அரைத்துக் கொடுத்தால், கட்டியை நாக்கால் ஒதுக்கி மெல்லப் பழகும் காலம் கையைவிட்டுப் போகும். அப்புறம் இரண்டு வயதில் "இட்லியைத் துப்புகிறாள்" என்று வருவார்கள்.

புட்டியை நிறுத்தி டம்ளருக்கு மாற்றினோம். மூன்று வேளை சாப்பாடு, நடுவே ஒரு வேளையோ இரண்டு வேளையோ சிறு தீனி. ஒவ்வொரு வேளையும் அரை டம்ளர் அளவு. கரண்டியால் மசித்தால் போதும். முட்டை, பருப்போடு முருங்கைக் கீரை, ராகிக் களி, வாரம் ஒரு தடவை ஆட்டு ஈரல், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு, கீரையின் மேல் இரண்டு சொட்டு எலுமிச்சை. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை சேர்க்காமல் இருந்தால் நல்லது. இரும்பு மருந்து கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில் தினம் ஒரு வேளை, பாலோடு சேர்க்காமல். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் மருந்து நின்றுவிடும்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒற்றைப் பொரியை எடுக்கிறாள் பாப்பா. விரலால் எடுக்கிற வயது வந்துவிட்டால் வாயில் போடுகிற வயதும் வந்துவிட்டது. தறிக்கொட்டகையில் தார்க்குச்சி, அறுந்த நூல், திருகாணி எல்லாம் தரையில்தான் கிடக்கும். கொட்டகை வாசலுக்கு இடுப்பளவுத் தடுப்புப் போடச் சொன்னேன். நிலக்கடலையை முழுதாகக் கொடுக்க வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

கேட்காமல் விட்டிருக்கக் கூடிய கேள்வி

இந்த இடத்தில் ஆலோசனை முடிந்திருக்கலாம். பாப்பா துறுதுறுவென்று இருந்தாள். கைக்குட்டையால் மூடிய சாவிக்கொத்தைத் துணியை விலக்கி எடுத்தாள். இரண்டு கட்டைகளைத் தட்டினாள். ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்ததும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். புத்தி வளர்ச்சியும் ஆள் தெரிகிற வளர்ச்சியும் வயதுக்குச் சரி.

"பேச்சு எப்படி?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "ம்மான்னு சொல்றாளுங்க." அழும்போது உதடு மூடித் திறந்தாலே 'ம்மா' வந்துவிடும். அதனால் நான் வேறு மாதிரி கேட்பது வழக்கம். "அழாம, சும்மா விளையாடும்போது 'பபபப', 'ததத', 'மமம'ன்னு அடுக்கிச் சொல்றாளா?" அம்மா யோசித்தார். "அப்படி இல்லைங்க. ஆ, ஊன்னு சத்தம் போடுவா. மொதல்ல நிறையப் போடுவா. இப்போ கொஞ்சம் கொறைஞ்சிருக்குங்க."

இந்த வழக்கின் போக்கை மாற்றியது அந்தக் கடைசி வாக்கியம். காது கேளாத குழந்தைகளும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே 'ஆ', 'ஊ' என்று குரல் கொடுப்பார்கள். அதற்குக் கேட்கும் திறன் தேவையில்லை. ஆறேழு மாதத்துக்குப் பிறகு மெய்யெழுத்தும் உயிரெழுத்தும் சேர்ந்த அடுக்கு ஒலிகள் வர வேண்டும். தன் குரலும் அடுத்தவர் குரலும் காதில் விழாவிட்டால் அவை வருவதில்லை, இருந்த சத்தமும் மெல்ல வற்றிப் போகும். பத்து மாதத்தில் இந்த அடுக்கு ஒலி இல்லையென்றால் காதைச் சோதிக்க வேண்டும். "இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பக் கூடாத மிகச் சில அறிகுறிகளில் இது ஒன்று என்பது என் கருத்து.

வீட்டார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களிடம் சான்றுகள் இருந்தன, அவை ஒவ்வொன்றும் சுவாரசியமானவை. தட்டைக் கீழே போட்டால் திரும்புகிறாள். சிமென்ட் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அதிர்வு உடம்பு வழியாகவே தெரியும். கூப்பிட்டால் பார்க்கிறாள். கூப்பிடுகிறவர் எப்போதும் எதிரில் நிற்கிறார், கையையும் நீட்டுகிறார். "கை தட்டு" என்றால் தட்டுகிறாள். அம்மா சொல்லும்போதே தானும் கையைத் தட்டிக் காட்டுகிறார். கையைக் கட்டிக்கொண்டு, பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். பாப்பா என் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, பதினோராம் மாதத்துக்கு முத்தம், பதின்மூன்றாம் மாதத்துக்கு வருகை என்று வகுத்தார்கள். கைகொட்டி விளையாடுவது அமெரிக்கப் பட்டியலில் ஒரு வயதுக்கான திறனாக வருகிறது. இரண்டிலும் கணக்கில் எடுப்பது குழந்தை அடுத்தவரோடு சேர்ந்து செய்வதை. பாப்பா அதைச் செய்தாள், ஆனால் கண்ணை மட்டுமே வைத்துச் செய்தாள்.

தறியைப் பற்றி அப்பாயி சொன்னது இன்னும் நுட்பமானது. "தறி ஓடும்போது நல்லாத் தூங்குவாங்க. நிறுத்தினா முழிச்சுக்குவா. காது கேக்காமயா முழிக்கிறா?" நியாயமான கேள்வி. விசைத்தறிக் கொட்டகையில் ஓசை 90 டெசிபெலைத் தாண்டும். பிறந்ததிலிருந்து அதிலேயே வளர்ந்தவள் என்பதால் சத்தத்துக்கு அசையாததை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. ஆனால் தொட்டில் கட்டியிருந்த விட்டம் கொட்டகைச் சுவரில் முடிகிறது. தறி ஓடினால் தொட்டிலும் சேர்ந்து அதிரும், நின்றால் அந்த அதிர்வும் நிற்கும். அவளை எழுப்பியது அதுவாக இருக்கலாம். அதற்குப் பிறகு அம்மாவே ஒன்றைச் சொன்னார்: ஒரு நாள் போனில் பாட்டு வீடியோவைச் சத்தம் வைக்காமலே போட்டுவிட்டாராம், அதையும் அதே சிரிப்போடு பார்த்தாளாம்.

அறையிலேயே எளிய சோதனை செய்தோம். உதவியாளர் எதிரில் உட்கார்ந்து பொம்மை காட்டி, பிறகு அதை மறைத்தார். நான் பின்னால், காதின் மட்டத்தில், ஒரு முழம் தள்ளி, நிழல் விழாமல், மூச்சுக் காற்றுப் படாமல் நின்று கிலுகிலுப்பை ஆட்டினேன். பிறகு 'ஸ்ஸ்', பிறகு தாழ்ந்த குரலில் 'ஊ', பிறகு டம்ளரில் ஸ்பூன். இரண்டு பக்கமும் பதில் இல்லை. இந்தச் சோதனை நோயை உறுதிப்படுத்தாது. மேல் சோதனைக்கு அனுப்பப் போதுமானது.

சோதனைகளும் முடிவும்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் செவிப்பறையின் அசைவைப் பார்த்தார்கள். நடுக்காதில் நீர் இல்லை, அசைவு சரி. உள்காது எதிரொலிச் சோதனையில் இரண்டு காதும் தேறவில்லை. பிறகு தூக்கத்தில் எடுக்கும் பெரா சோதனை: காதில் கொடுக்கும் ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின்னலைகளைப் பதிவு செய்வது. 90 டெசிபெல் வரை கொடுத்தும் இரு பக்கமும் அலை எழவில்லை. மறுபடி ஒரு தடவை எடுத்தும் அதே முடிவு. இரு காதிலும் மிகக் கடுமையான, உள்காது சார்ந்த கேளாமை. பாப்பாவுக்கு அப்போது பதினோரு மாதம் முடிந்திருந்தது.

ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் உலகெங்கும் சொல்லப்படும் அளவுகோல். ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன் பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்ததை 1998-ல் வெளியான அமெரிக்கக் கொலராடோ ஆய்வு காட்டியது. பாப்பா பிறந்த இடத்தில் செவித்திறன் சோதனை செய்யப்படவில்லை. ஆபத்துக் காரணி எதுவும் இல்லாத குழந்தைக்கு எதற்கு என்று நினைப்பது இன்னும் பல இடங்களில் உண்டு. பிறவிக் கேளாமை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படி எந்தக் காரணியும் இருப்பதில்லை.

காரணத்தைத் தேடினோம். கர்ப்பத்தில் வந்திருக்கக்கூடிய சி.எம்.வி. என்ற வைரஸ் தொற்றைப் பிறந்து மூன்று வாரத்துக்குள் சோதித்தால்தான் பிறவித் தொற்று என்று சொல்ல முடியும். அந்தக் கதவு மூடிவிட்டது. இதயத் துடிப்புக் கோளாறோடு சேர்ந்து வரும் அரிய கேளாமை ஒன்று உண்டு என்பதால் ஈ.சி.ஜி. எடுத்தோம், சரியாக இருந்தது. கண் பரிசோதனையும் சரி. "குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காதா?" என்று முதல் நாள் கேட்டபோது இல்லை என்றிருந்தார்கள். இரண்டாம் தடவை "யாராவது பேசாதவர்கள் உண்டா?" என்று கேட்டேன். தாத்தாவின் தம்பி மகன் ஒருவர், பிறவியிலேயே பேச்சு வராதவர். பின்னால் செய்த மரபணுச் சோதனையில், உள்காது வேலை செய்யத் தேவையான கனெக்சின் 26 புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தது. பெற்றோர் இருவரும் ஆளுக்கு ஒரு பிழைப் பிரதியைச் சுமக்கிறார்கள்; ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கேளாமை வர நான்கில் ஒரு வாய்ப்பு.

அம்மாவின் கேள்வி வேறாக இருந்தது: "தறிச் சத்தத்துலதான் இப்படி ஆயிருச்சுங்களா?" கர்ப்பத்தின் கடைசி வாரம் வரை அவர் தறி ஓட்டியிருக்கிறார். மரபணு முடிவு அதற்குத் தெளிவான பதிலைத் தந்தது. ஆனால் கொட்டகைக்குப் பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருளில்லை. காதுக்கருவி பேச்சோடு தறியையும் சேர்த்தே பெரிதாக்கும்.

அப்பாயி வசம்பைச் சுட்டு உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவ ஆரம்பித்திருந்தார். பேச்சு வரும் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் உள்ள கிருமி விதைகள் சின்னக் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கக்கூடும். வசம்பை உள்ளுக்குக் கொடுத்து வாந்தி, மயக்கம் என்று வந்த குழந்தைகளை எங்கள் பக்க மருத்துவர்கள் பார்த்திருக்கிறோம். எண்ணெய்க் குளியலன்று காதில் எண்ணெய் விடுவதையும் நிறுத்தச் சொன்னேன். எண்ணெயை விட்டுக்கொடுத்தவர், வசம்பை விட்டுக்கொடுக்கக் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிந்தைய மாதங்கள்

பன்னிரண்டரை மாதத்தில் இரண்டு காதுக்கும் கருவி பொருத்தப்பட்டது. மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். காது வளர்வதால், கருவியைக் காதுக்குள் பொருத்தும் அச்சை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் 'கீ' என்று விசில் அடிக்கும், குழந்தை பிடுங்கிப் போடும். வியர்வை ஈரம் போக இரவில் உலர்த்தும் டப்பாவில் வைக்க வேண்டும். பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். பேட்டரி மூடிக்குப் பூட்டு உள்ள கருவியாகக் கேட்டு வாங்கினார்கள். தினமும் காலையில் 'ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ்' என்ற ஆறு ஒலிகளை வாயை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பது அம்மாவின் வேலை; பேச்சில் வரும் தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை இந்த ஆறும் தொட்டுவிடும். ஒரு மீட்டருக்குள் இருந்து பேசுவது, சோறூட்டும்போது போனை எடுத்துவிட்டு எடுப்பது வைப்பது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் செய்வது என்று பயிற்சியாளர் பழக்கினார். தொட்டிலை வீட்டின் மறுகோடிக்கு மாற்றினார்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, பாப்பா விழித்திருக்கும் நேரத்தில், கொட்டகைப் பக்கத்துத் தறிகள் இரண்டை நிறுத்தி வைத்தார் அப்பா. கூலிக்குப் பாவு வாங்கி ஓட்டுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

கருவியால் கிடைத்த பலன் குறைவு. 'ஊ'வுக்கும் 'ஆ'வுக்கும் மட்டும் திரும்பினாள். ஸ்கேனில் உள்காதின் நத்தை எலும்பும் செவிநரம்பும் ஒழுங்காக அமைந்திருந்ததால், பதினேழு மாதத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை நடந்தது; செவிநரம்பை மின்துடிப்பால் நேரடியாகத் தூண்டும் கருவியை உள்காதில் பதிப்பது இது. அதற்கு முன் நிமோகாக்கல் தடுப்பூசி முழுதாகப் போட்டிருப்பதை உறுதி செய்தோம். இம்ப்ளாண்ட் உள்ளவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். சில வாரம் கழித்துக் கருவியை இயக்கியபோது பாப்பா வீறிட்டு அழுதாள். வீடியோவில் வருவது போலச் சிரிக்கவில்லை என்று அப்பாவுக்கு ஏமாற்றம். பிறந்ததிலிருந்து ஏறக்குறைய அமைதியிலேயே இருந்தவளுக்கு இந்த ஒலி பயமாகத்தான் இருக்கும். பெரும்பாலான குழந்தைகள் அழத்தான் செய்கிறார்கள்.

ஹீமோகுளோபின் மூன்று மாதத்தில் 11.2 ஆனது. நடந்தது பத்தொன்பதாம் மாதத்தில், தவழாமலே. உலக சுகாதார நிறுவனத்தின் இடைவெளியில் தனியாக நடப்பதற்கான மேல் எல்லை 17.6 மாதம், அதைத் தாண்டிவிட்டாள். பின்புறத்தால் நகர்ந்தவள் என்பது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு: கேட்பதற்கான உறுப்பும் சமநிலைக்கான உறுப்பும் உள்காதில் ஒட்டியே இருக்கின்றன. பிறவிக் கேளாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குச் சமநிலை உணர்வும் குறைவாக இருந்து, உட்கார்வதும் நடப்பதும் தள்ளிப் போகும். கனெக்சின் வகையில் அது அவ்வளவு வழக்கமில்லை என்பதால் முதல் விளக்கத்தின் பக்கமே சாய்கிறேன். இருந்தாலும் மணலிலும் மேடுபள்ளத்திலும் நடக்கவிட்டுப் பழக்கும்படி இயன்முறைப் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். கண் உதவாத இருட்டில் எப்படி நடக்கிறாள் என்பதைக் கவனிக்கும்படியும் கேட்டிருக்கிறோம்.

இரண்டே கால் வயதில் 'பபப', 'மமம' எல்லாம் தாண்டி, தெளிவாகப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் சொல்கிறாள். 'போ', 'தா', 'பூ' முதலில் வந்தவை. கேட்கத் தொடங்கிப் பத்து மாதம்கூட ஆகாத குழந்தைக்கு இது நல்ல வேகம். இப்போதைய சிக்கல் வேறு. இம்ப்ளாண்டின் வெளிப்பகுதியில் உள்ள வயர் அடிக்கடி அறுந்துபோகிறது. மாற்று வயர் வந்து சேரும் வரை பாப்பா சத்தமில்லாமல் இருக்கிறாள். உதிரி வயர் ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்ள, தறிக்கான முன்பணத்தில் கொஞ்சத்தை ஒதுக்கியிருப்பதாகப் போன தடவை வந்தபோது அப்பா சொன்னார். அம்மா மறுபடி கர்ப்பமாக இருக்கிறார். பிறக்கும் இடத்திலேயே எதிரொலிச் சோதனையும், ஒரு மாதத்துக்குள் பெராவும் எடுக்க வேண்டும் என்று தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.